உழக்கும் டி.ஏ.சி.யும்: மென்பொருளால் ஓர் அளவுத்திருத்தம்

(இளம் அறிவியல் இயற்பியல், இரண்டாம் ஆண்டு மாணவன்)

முன்னுரை

மனித வாழ்வில் அளவு நுழையாத இடமே இல்லை. பால் ஊற்றுமிடத்தில் லிட்டர், மளிகைக் கடையில் கிலோ, துணிக்கடையில் மீட்டர், ஆய்வகத்தில் வோல்ட் என நாள் முழுவதும் நாம் அளந்துகொண்டே இருக்கிறோம். ஆனால் அளக்கும் கருவியை அளப்பவர் யார் என்ற கேள்வி நம்மில் பலருக்கு எழுவதில்லை. சென்ற ஆண்டு மாசி மாதம் வரை எனக்கும் எழவில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் காட்டு வரப்பில் புளியமரங்கள் சில உண்டு. மாசி, பங்குனியில் வீட்டார் அனைவரும் திண்ணையில் அமர்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுத்துச் சேர்க்கும் புளிதான் எங்களுக்கு அந்த ஆண்டின் ரொக்கப் பணம். சென்ற ஆண்டு ஊர்க்கடைத் தராசில் 52 கிலோ நின்ற புளி, வாங்க வந்த வியாபாரியின் மின்னணுத் தராசில் 50 கிலோ 400 கிராம் காட்டியது. அப்பா தயங்கினார். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டு, "மெசின் பொய் சொல்லுமாங்க? பாருங்க, சைபர் காட்டுது" என்றார். உண்மைதான். வெறும் தராசு சுழி காட்டியது.

அப்பா என் பக்கம் திரும்பி, "நீ பிஸிக்ஸ் படிக்கிறவனாச்சே, மெசின் சரியாடா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. ஓராண்டு கழித்து எங்கள் ஆய்வகத்தில் ஒரு சிறு மின்னணுப் பலகையைப் பற்றிப் படித்தபோதுதான் அதற்கு விடை தெரிந்தது. அந்த விடையைச் சக மாணவர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண் மின்னழுத்தமாகும் விதம்

கணிப்பொறிக்குத் தெரிந்தவை 0, 1 என்ற இரண்டு இலக்கங்களே. ஆனால் ஒலிபெருக்கிக்கும் மோட்டாருக்கும் நாம் ஆய்வு செய்யும் டையோடுக்கும் வேண்டுவது மின்னழுத்தம். எண்ணை வாங்கி, அதற்குரிய மின்னழுத்தத்தை வெளியே தரும் சுற்றுக்கு டிஜிட்டல்–அனலாக் கன்வெர்ட்டர், சுருக்கமாக டி.ஏ.சி. என்று பெயர். கைப்பேசியில் பாட்டு கேட்கும்போது, சேமித்து வைத்த எண்களை ஒலிக்குரிய மின்னழுத்தமாக மாற்றுவது இதுவே.

12 பிட் டி.ஏ.சி. ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாம் தரக்கூடிய எண்கள் 0 முதல் 4095 வரை, ஆக 4096. அது 0 முதல் 5 வோல்ட் வரை தருமாயின், எண் ஒன்று கூடும்போது மின்னழுத்தம் ஏறத்தாழ 1.22 மில்லிவோல்ட் உயரும். 819 என்று எழுதினால் 1 வோல்ட், 3276 என்று எழுதினால் 4 வோல்ட் வரவேண்டும். வரவேண்டும் என்றுதான் சொல்கிறேன். வருகிறதா என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஆழாக்கு முதல் நாழி வரை

இத்தனை மின்னழுத்தங்களை ஒரு சிறு சுற்று எவ்வாறு உண்டாக்குகிறது? இதற்கு விளக்கம் நம் வீட்டு அடுக்களையிலேயே இருக்கிறது.

பழைய முகத்தல் அளவையில் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. அதாவது ஆழாக்குக் கணக்கில் 1, 2, 4, 8. இந்த நான்கு பாத்திரங்களிலும் ஒவ்வொன்று மட்டும் கையில் இருந்தால் போதும். 1 முதல் 15 ஆழாக்கு வரை எந்த அளவையும் ஒரே முறையில் அளந்துவிடலாம். 11 ஆழாக்கு கேழ்வரகு வேண்டுமா? ஒரு நாழி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு. உரியைத் தொட வேண்டாம். இதையே 1011 என எழுதினால் அதுதான் இரும எண். எடுத்த பாத்திரத்திற்கு 1, எடுக்காத பாத்திரத்திற்கு 0.

டி.ஏ.சி.யும் இப்படித்தான் அளக்கிறது. தானியத்திற்குப் பதில் மின்னோட்டம். பாத்திரங்களுக்குப் பதில் மின்தடைகள். நம் செய்முறை வகுப்பில் 741 ஐ.சி.யுடன் 10 கிலோ ஓம், 20 கிலோ ஓம் மின்தடைகளை ஏணி போல் இணைத்து 4 பிட் டி.ஏ.சி. செய்கிறோம் அல்லவா? அந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் மின்னோட்டம் சரிபாதியாகப் பிரிகிறது. ஆகவே நான்கு பிட்டுகளும் முறையே அரை, கால், அரைக்கால், மாகாணி எனப் பங்கு பெறுகின்றன. பள்ளிக்கூடம் போகாத என் ஆயாவுக்கு மனப்பாடமான இந்தப் பின்னங்கள்தாம் டி.ஏ.சி.யின் அடிப்படை என்பதை அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

பிழைகள் மூன்று

மின்தடைகள் எழுதியபடியே இருந்துவிட்டால் தொல்லை இல்லை. ஆனால் பொன்னிற வளையம் போட்ட 10 கிலோ ஓம் மின்தடை 9.5 முதல் 10.5 வரை எங்கும் இருக்கலாம். ஐ.சி.க்குள் செதுக்கப்படும் மின்தடைகள் இதைவிடப் பன்மடங்கு துல்லியமானவை; ஆயினும் பிழையற்றவை அல்ல. இதனால் விளையும் பிழைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது சுழிப்பிழை. 0 என்று எழுதினாலும் சில மில்லிவோல்ட் வெளியே வரும். எந்த எண்ணுக்கும் இந்த மிகுதி ஒரே அளவில் இருக்கும்.

இரண்டாவது சரிவுப்பிழை. சுழியில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் எண் உயர உயரப் பிழையும் அதே விகிதத்தில் உயரும். நூற்றுக்கு ஒன்று குறைந்தால், 1 வோல்ட்டில் 10 மில்லிவோல்ட்டும் 4 வோல்ட்டில் 40 மில்லிவோல்ட்டும் குறையும்.

மூன்றாவது நேர்கோட்டிலிருந்து விலகும் பிழை. நாழியில் மட்டும் சொட்டை விழுந்து, அது 7 ஆழாக்கே கொள்கிறது என்போம். 7 அளக்க உரி, உழக்கு, ஆழாக்கு மூன்றையும் எடுக்கிறோம். சரியாக 7 கிடைக்கிறது. 8 அளக்க அவை மூன்றையும் வைத்துவிட்டு நாழியை எடுக்கிறோம். அப்போதும் 7தான் கிடைக்கிறது. எண் கூடியது, அளவு கூடவில்லை. 12 பிட் டி.ஏ.சி.யில் 2047 என்ற எண்ணிலிருந்து 2048க்குத் தாவும்போது பதினொரு சிறு பிட்டுகள் அணைந்து பெரிய பிட் ஒன்று மட்டும் எழுவதால், இத்தகைய பிழை அங்குதான் பெரிதும் தலைகாட்டும்.

முதல் இரண்டு பிழைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். புளி மூட்டைக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

திருப்புளியா, கணக்கா?

பிழையைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கருவியையே திருத்துவது. பழைய பலகைகளில் பிரீசெட் எனப்படும் சிறு மாறு மின்தடைகள் இருக்கும். வோல்ட்மீட்டரைப் பார்த்தவாறே சிறு திருப்புளியால் அவற்றைத் திருகிச் சரிசெய்வர். இரும்பு எடைக்கல்லின் குழியில் ஈயத்தைக் கூட்டியும் குறைத்தும் எடையைச் சரிசெய்து, அந்த ஈயத்தின் மேலேயே முத்திரை இடுவதும் இவ்வகைதான். இவ்வழியில் குறை உண்டு. பிரீசெட் அதிர்ச்சியில் நகரும், தூசியால் கெடும், நூறு பலகை என்றால் நூறு முறை திருக வேண்டும்.

மற்றொன்று, கருவியை அப்படியே விட்டுவிட்டு அதன் பிழையைக் குறித்து வைத்துக்கொண்டு கணக்கில் திருத்துவது. இதுவே மென்பொருள் வழி அளவுத்திருத்தம். பெயர் புதிது, செயல் பழையது. என் ஆயாவிடம் பக்கவாட்டில் சொட்டை விழுந்த பித்தளை உழக்கு ஒன்று இருந்தது. அவரைக்கொட்டை அளந்து விற்கும்போது ஒவ்வோர் உழக்குக்கும் ஒரு சிறு கைப்பிடி சேர்த்துப் போடுவார். ஏன் என்று சிறுவயதில் கேட்டேன். "உழக்கு குறையுது கண்ணு, கைதான் நெரவணும்" என்றார். பக்கத்து வீட்டு நல்ல உழக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்து, குறை எவ்வளவு என்று கண்டு, அதை மனத்தில் வைத்திருந்தார். தட்டி நிமிர்த்தியிருந்தால் அது திருப்புளி வழி. கைப்பிடி சேர்த்தது மென்பொருள் வழி.

நாம் அனைவரும் இதை ஆய்வகத்திலும் செய்திருக்கிறோம். பொட்டென்ஷியோமீட்டரில் 1.08 வோல்ட் டேனியல் மின்கலத்திற்குச் சமன்செய் நீளம் கண்டு, அதைக்கொண்டு வோல்ட்மீட்டரை அளவுத்திருத்தம் செய்யும் சோதனைதான் அது. வோல்ட்மீட்டர் காட்டுவது ஒன்று. கணக்கிட்டு வருவது வேறொன்று. இரண்டின் வேறுபாட்டை வரைபடத்தாளில் குறிக்கிறோம். அவ்வரைபடத்தைத் தாளிலிருந்து கருவியின் நினைவகத்திற்கு மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

அவ்வாறு செய்யப்பட்ட கருவி ஒன்று நம் நாட்டிலேயே உருவாகியிருக்கிறது. புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையம், கல்லூரிகளில் அறிவியல் செய்முறைகளை மேம்படுத்த 2004ஆம் ஆண்டில் பீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழி வந்ததே எக்ஸ்ப்-ஐஸ் என்னும் கையடக்கப் பெட்டி. யு.எஸ்.பி. கம்பியால் கணிப்பொறியோடு இணைத்துவிட்டால் அலைநோக்கி, அலையியற்றி, மின்னழுத்த மூலம் எனப் பல கருவிகளின் வேலையை அது ஒன்றே செய்கிறது. அதன் வரைபடங்களும் மென்பொருளும் யாவருக்கும் திறந்தவை. எக்ஸ்ப்-ஐஸ் 17 என்ற வடிவில் பி.வி.1 என்ற முனை, 12 பிட் டி.ஏ.சி. வழியாக எதிர் 5 முதல் நேர் 5 வோல்ட் வரை தருகிறது. ஒரு படிக்கு ஏறத்தாழ 2.44 மில்லிவோல்ட். ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய திருத்தம் தனித்தனியே கண்டறியப்பட்டு, அதனதன் நினைவகத்திலேயே எழுதப்படுகிறது. நாம் 2 வோல்ட் கேட்டால், மென்பொருள் அந்தத் திருத்தத்தைக் கணக்கில் கொண்டே டி.ஏ.சி.க்கு எண்ணை அனுப்புகிறது. மின் துண்டித்தாலும் நினைவு அழியாது.

ஓர் எளிய கணக்கு

எடுத்துக்காட்டாக, முன்பு கண்ட 0 முதல் 5 வோல்ட் பலகையையே எடுத்துக்கொள்வோம். நல்ல வோல்ட்மீட்டர் ஒன்றை அதன் முனையில் இணைக்கிறோம். 1 வோல்ட் கேட்டு 819 எழுதினால் மீட்டர் 1.012 காட்டுகிறது. 4 வோல்ட் கேட்டு 3276 எழுதினால் 3.976 காட்டுகிறது. கேட்டதில் வேறுபாடு 3 வோல்ட். வந்ததில் வேறுபாடு 2.964 வோல்ட். ஆகவே சரிவு 2.964 ÷ 3 = 0.988. சுழிப்பிழை 1.012 – 0.988 = 0.024 வோல்ட்.

இனி இந்தப் பலகையைப் பற்றிய இரகசியம் இரண்டே எண்களில் அடங்கிவிட்டது: 0.988, 0.024. நமக்கு 2.5 வோல்ட் வேண்டுமானால் முதலில் 0.024ஐக் கழிக்க வேண்டும், பிறகு 0.988ஆல் வகுக்க வேண்டும். விடை 2.506. இதை 819ஆல் பெருக்கினால் 2052. திருத்தம் இல்லாமல் எழுதியிருந்தால் 2048 எழுதியிருப்போம். வெளியே ஏறத்தாழ 2.494 வோல்ட்தான் வந்திருக்கும். ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் ஆகிய இரண்டும் சேர்ந்து 6 மில்லிவோல்ட் பிழையைப் போக்கிவிட்டன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டு மாறிலிகளைக் காண இரண்டு அளவுகள் தேவைப்பட்டன. ஒரே ஒரு புள்ளியில் சோதித்துவிட்டுக் கருவி சரி என்று சொல்ல முடியாது. ஒரு புள்ளி வழியே எத்தனை நேர்கோடுகள் வேண்டுமானாலும் வரையலாம் என்பது நாம் பள்ளியிலேயே படித்ததுதான். மூன்றாம் வகைப் பிழை இருந்தால் இரண்டு புள்ளிகளும் போதா. பல புள்ளிகளில் அளந்து ஒரு திருத்த அட்டவணையே எழுத வேண்டும்.

மென்பொருளால் முடியாதவை

கணக்கால் எல்லாம் ஆகிவிடும் என்று எண்ணலாகாது. மேற்கண்ட பலகையில் மிகப்பெரிய எண்ணான 4095ஐ எழுதினாலும் 4.964 வோல்ட்தான் வரும். முழு 5 வோல்ட்டை எந்த மென்பொருளாலும் வரவழைக்க முடியாது. இல்லாத தானியத்தை அளந்து போட முடியுமா? அவ்வாறே ஒரு படியான 1.22 மில்லிவோல்ட்டுக்கும் நுண்ணியதாகத் திருத்தவும் இயலாது.

வெப்பநிலை மாறினால் மாறிலிகளும் சற்றே மாறும். குளிரூட்டிய அறையில் எழுதிய திருத்தம் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அப்படியே பொருந்தும் என்பதற்கு உறுதி இல்லை. நாளாக ஆகவும் மாறும். ஆகவே அளவுத்திருத்தம் ஒருநாள் செய்து முடிக்கும் வேலை அன்று. அதற்குத் தேதி உண்டு.

எல்லாவற்றிற்கும் மேலாக, எந்த மீட்டரைப் பார்த்துத் திருத்தினோமோ அந்த மீட்டர் தவறாக இருந்தால் பலகையும் அதே தவற்றைக் கற்றுக்கொள்ளும். பக்கத்து வீட்டு உழக்கிலும் சொட்டை இருந்திருந்தால், ஆயாவின் கைப்பிடியும் பொய்த்திருக்கும்.

வோல்ட்டை அளப்பவர் யார்?

அப்படியானால் அந்த மீட்டரை யார் சரிபார்ப்பது? அதைவிட நல்ல மீட்டர். அதை? அதனினும் நல்லது. இச்சங்கிலி நம் நாட்டில் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சென்று முடிகிறது. அங்கே வோல்ட்டின் படித்தரம் ஜோசப்சன் விளைவைக் கொண்டு பேணப்படுகிறது.

பிரையன் ஜோசப்சன் 1962இல் இவ்விளைவைக் கணித்துக் கூறியபோது அவர் 22 வயது ஆராய்ச்சி மாணவர். நம்மைவிட ஓரிரு வயதே மூத்தவர். 1973இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். மீக்கடத்திகள் இரண்டின் நடுவே மிக மெல்லிய தடுப்பு ஒன்றை வைத்து, அதன்மேல் நுண்ணலையைப் பாய்ச்சினால், அதிர்வெண்ணை மட்டுமே சார்ந்த மாறாத மின்னழுத்தம் கிடைக்கும். 70 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சந்தி தருவது ஏறத்தாழ 145 மைக்ரோவோல்ட். செய்த கை, செய்த பொருள், வெப்பம் எதையும் பொறுத்து இது மாறாது. பிளாங்க் மாறிலியும் எலெக்ட்ரான் மின்னூட்டமும் மட்டுமே அதைத் தீர்மானிக்கின்றன. 2019 மே 20 முதல் அவ்விரண்டு மாறிலிகளின் மதிப்பும் பன்னாட்டு அலகு முறையில் துல்லியமாக நிலைநிறுத்தப்பட்டுவிட்டன.

இதில் வியப்பு என்னவெனில், ஆயிரக்கணக்கான சந்திகளை 1, 2, 4, 8 எனக் கூட்டங்களாகப் பிரித்து, வேண்டிய கூட்டத்தை மட்டும் இயக்கி, வேண்டிய மின்னழுத்தத்தைப் பெறும் படித்தரங்களும் இன்று உலகில் இருக்கின்றன. அதுவும் ஒரு டி.ஏ.சி.தான், சொட்டை விழவே முடியாத ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி!

மீண்டும் புளி மூட்டை

மின்னணுத் தராசு டி.ஏ.சி.யின் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. தட்டின் அடியிலுள்ள உணர்வி எடைக்கேற்ற சிறு மின்னழுத்தம் தருகிறது. தராசு அதை எண்ணாக்கிக் காட்டுகிறது. திசை வேறானாலும் உள்ளே எழுதப்பட்டிருப்பவை அதே இரண்டு மாறிலிகள்: சுழி, சரிவு. வியாபாரி வெறும் தட்டைக் காட்டியது சுழி சரி என்பதற்கு மட்டுமே சான்று. சரிவு சரியா என்பதை அது சொல்லவே சொல்லாது. அதற்குத் தெரிந்த எடை ஒன்றைத் தட்டில் வைத்தாக வேண்டும்.

இந்த மாறிலிகளை யாரும் விருப்பம்போல் மாற்றிவிடக் கூடாது என்பதற்காகவே சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009 இருக்கிறது. அதன் விதிகளின்படி மின்னணுத் தராசை 12 மாதத்திற்கு ஒருமுறையும் இரும்பு எடைக்கல்லை 24 மாதத்திற்கு ஒருமுறையும் மறுமுத்திரை இடச்செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்கள் கவனிக்கின்றனர்.

இவ்வாண்டு புளி எடை போடும் நாளில், ஊர்க்கடையிலிருந்து முத்திரையிட்ட 20 கிலோ கல்லை இரவல் வாங்கித் தோளில் சுமந்து வந்தேன். அதே வியாபாரி, அதே தராசு. சுழி காட்டியது. கல்லை வைத்தோம். 19.400 காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தோம். மறுபடியும் 19.400. அப்பா குரல் உயர்த்தவில்லை. "கல்லு முத்திரை போட்டதுங்க" என்று மட்டும் சொன்னார். வியாபாரி சற்று நேரம் கல்லைப் புரட்டி ஈயத்தில் இருந்த முத்திரையைப் பார்த்தார். பிறகு, "இருபதுக்கு அறுநூறு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கலாங்க" என்றார்.

கணக்குப்படி தராசு காட்டும் 20 கிலோவுக்குச் சேர்க்க வேண்டியது 619 கிராம். அந்தப் 19 கிராமை நான் கேட்கவில்லை. சென்ற ஆண்டின் 50 கிலோ 400 கிராமை இதே விகிதத்தில் திருத்தினால் 52 கிலோவுக்கு மிக அருகில் வருகிறது. ஆயினும் அன்று தராசு எப்படி இருந்தது என்பதற்கு இன்றைய அளவு சான்றாகாது. தராசு வேண்டுமென்றே மாற்றப்பட்டதா, நாட்பட்டுத் தளர்ந்ததா என்பதையும் அந்த எண் சொல்லாது. எனவே யாரையும் நான் குற்றம் சாட்டவில்லை.

முடிவுரை

பிழையே இல்லாத கருவி உலகில் இல்லை. தன் பிழை எவ்வளவு என்று தெரிந்த கருவி, தெரியாத கருவி என்ற இரண்டு வகைகளே உள்ளன. நம் செய்முறைப் பதிவேட்டில் விடை சரியாக வரவேண்டும் என்பதற்காக அளவுகளை மாற்றி எழுதும் ஆசை நம்மில் பலருக்கு எழுவதுண்டு, எனக்கும் எழுந்திருக்கிறது. வந்த அளவை வந்தபடியே எழுதி, பிழையைத் தனியே குறிப்பதுதான் அளவுத்திருத்தம். மாற்றி எழுதுபவன் திருத்தம் செய்யும் வாய்ப்பையே இழக்கிறான்.

"மெசின் பொய் சொல்லுமா?" என்று கேட்டால் இனி என்னிடம் விடை உண்டு. மெசின் பொய்யும் சொல்லாது, மெய்யும் சொல்லாது. தனக்குள் எழுதி வைத்த இரண்டு எண்களைக் கொண்டு கணக்குப் போட்டுக் காட்டும். அவ்வெண்கள் சரியா என்று கேட்கும் உரிமை தட்டில் மூட்டையை வைப்பவருக்கும் உண்டு. அதைக் கேட்க ஒரு நல்ல எடைக்கல்லும் சிறிது இயற்பியலும் போதும். அடுத்த மாசியில் எங்கள் ஊரில் வேறு யாருக்கேனும் தேவைப்பட்டால், கல்லைச் சுமந்து வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.